விடுப்பின் கணக்கு: மகப்பேற்றுச் சட்டங்களின் நூறாண்டும் தந்தைக்கு இல்லாத படிவமும்

சற்று நீண்ட பதிவு. மகப்பேற்று விடுப்புச் சட்டங்களைப் பற்றிச் சில மாதங்களாகச் சேர்த்துவைத்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். என் ஆய்வுத்துறை மொழியியல். சட்ட வரலாறு அன்று. எனவே சட்டமும் வரலாறும் பயின்ற நண்பர்கள் பிழை கண்டால் தயங்காமல் சுட்டவேண்டும்.

எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற பருவத்தில் எங்கள் வளாகத்து ஆய்வாளர் ஒருவருக்குக் குழந்தை பிறந்தது. அறுவைச் சிகிச்சை வழிப் பிறப்பு. இரு வீட்டுப் பெரியவர்களும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தனர். மூன்று வாரம் விடுப்பு கேட்டு அவர் அலுவலகத்துக்குச் சென்றார். எழுத்தர் கனிவானவர், இனிப்பு வாங்கிக்கொண்டு வாழ்த்தும் சொன்னார். பிறகு படிவங்களைப் புரட்டிப் பார்த்து, இதற்கென்று படிவமே இல்லை என்றார். இருந்த ஒரே படிவத்தின் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் ‘பெண் ஆய்வாளர்களுக்கு மட்டும்’ என்றிருந்தது.

எழுத்தரை நொந்து பயனில்லை. அந்த அடைப்புக்குறிக்கு நூறாண்டு வயது. இந்தியத் தொழிலாளர் சட்டம் தன் இளமையிலேயே இரண்டு முடிவுகளை எடுத்துவிட்டது. குழந்தை பிறந்தபின் வரும் பொறுப்பு முழுவதும் தாயுடையது என்பது ஒன்று. அவள் விடுப்பிலிருக்கும் காலத்தின் செலவு அவளை வேலைக்கு வைத்திருப்பவருடையது என்பது மற்றொன்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் அறமாகவே தோன்றும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பெண்ணை வேலைக்கு அமர்த்துவது ஆணை அமர்த்துவதைவிடச் செலவு மிக்கது என்னும் கணக்குப் பிறக்கிறது. பின்னர் வந்த சட்டத்திருத்தங்கள் விடுப்பை நீட்டின. இந்தக் கணக்கை மட்டும் தொடவில்லை.

கதை 1919இல் வாஷிங்டனில் தொடங்குகிறது. அவ்வாண்டு நடந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர் சார்பில் கலந்துகொண்டவர் என். எம். ஜோஷி. அம்மாநாடு ஏற்ற உடன்படிக்கைகளுள் மூன்றாவது மகப்பேறு பற்றியது. பேற்றுக்குப் பின் ஆறு வாரம் வேலைக்கு வரக்கூடாது. பேற்றுக்கு முன் ஆறு வாரம் விடுப்புக் கேட்கும் உரிமை உண்டு. அக்காலத்துக்குத் தாய்க்கும் சேய்க்கும் போதுமான உதவித்தொகை தரப்படவேண்டும். அத்தொகை பொது நிதியிலிருந்தோ காப்பீட்டு முறையிலோ வரவேண்டும் என்று உடன்படிக்கை வரையறுத்தது. முதலாளியின் கைப்பணத்திலிருந்து என்று அது சொல்லவில்லை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவை அவ்வுடன்படிக்கை கட்டுப்படுத்தவில்லை. பெண் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தருமாறு மட்டும் இந்திய அரசு கேட்டுக்கொள்ளப்பட்டது.

அதன் விளைவாக இரு மருத்துவர்கள் கள ஆய்வில் இறங்கினர். வங்காளத்தில் டாக்டர் டாக்மர் கர்ஜெல். பம்பாயில் டாக்டர் எஃப். டி. பார்ன்ஸ். பார்ன்ஸின் 1922ஆம் ஆண்டு அறிக்கை பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்களின் வாழ்வைப் பேசுகிறது. ஆலைக்குச் செல்லும் தாய்மார் குழந்தை அழாமல் உறங்கிக் கிடப்பதற்காக அதற்கு அபின் கொடுத்துவந்தனர். ‘பாலகோலி’ என்ற பெயரில் அபின் கலந்த உருண்டைகள் அந்நகரில் வெளிப்படையாகவே விற்கப்பட்டன. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்னும் சிக்கலுக்குச் சந்தை கண்ட தீர்வு அது. அக்காலத்துக் கனவான்கள் இதைத் தாயின் அறியாமை என்றே பெரிதும் பேசினர். அதே ஆலைகளில் அக்குழந்தைகளின் தந்தையரும் வேலைசெய்தனர் என்பது விவாதத்துக்குரிய செய்தியாக எவருக்கும் படவில்லை.

1924இல் ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது தோற்றது. பின்னர் பம்பாய்ச் சட்ட மேலவையில் ஆர். எஸ். அசவலே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது 1929இல் பம்பாய் மகப்பேற்று நன்மைச் சட்டமாயிற்று. இந்தியாவில் இப்பொருள் பற்றிய முதல் சட்டம் அதுவே.

இவ்விடத்தில் சமூக ஊடகங்களில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் சுற்றிவரும் ஒரு செய்தியைத் தொடவேண்டும். ‘இந்தியப் பெண்களுக்கு மகப்பேற்று விடுப்பைத் தந்தவர் அம்பேத்கர்’ என்பது அது. முழுப் பொய்யன்று, முழு மெய்யும் அன்று. மசோதா அசவலேயுடையது. 1928 ஜூலையில் மேலவையில் அதை ஆதரித்துப் பேசியவர் அம்பேத்கர். உரிமை யாருக்கு என்னும் போட்டியில், அவர் என்ன பேசினார் என்பதை நாம் வாசிக்காமல் விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். தாய் ஓய்வு பெறுவது நாட்டின் நலனுக்குரியது. ஆகவே அதன் சுமையைப் பெருமளவு அரசே ஏற்கவேண்டும் என்பதைத் தாம் ஒப்புக்கொள்வதாக அவர் கூறினார். ஆனால் அரசு அதற்கு முன்வராத நிலையில் முதலாளி முற்றிலும் விலகிக்கொள்ள முடியாது என்றார். ஆணைவிடப் பெண்ணை அமர்த்துவதில் கூடுதல் ஆதாயம் இருப்பதனால்தான் சில வேலைகளில் முதலாளி பெண்ணை அமர்த்துகிறார். ஆதாயம் பெறுபவர் ஓரளவேனும் செலவை ஏற்பது நியாயம் என்பது அவர் வாதம்.

இருபடியான வாதம் இது. முதல் படியில் அரசு. இரண்டாம் படியில் முதலாளி. முதல் படியை நாடு மறந்துவிட்டது. இரண்டாம் படியே சட்டமாயிற்று.

அப்பொழுதே வேறு வழி தெரியாமலில்லை. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் ஆணையம், விட்லி ஆணையம் என்று நாம் சொல்வது, நாடு முழுவதும் மகப்பேற்று உதவிச் சட்டம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. தொடக்க நிலையில் தொகை முழுவதையும் முதலாளியே ஏற்கட்டும் என்றது. ‘தொடக்க நிலையில்’ என்னும் சொற்றொடரைக் கவனியுங்கள். தற்காலிகம் என்று தொடங்கிய ஏற்பாடுதான் இன்றுவரை நீடிக்கிறது. 1934ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டமும், பிற மாகாணச் சட்டங்களும், 1941ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிலாளர் மகப்பேற்றுச் சட்டமும் இதே அச்சில் வார்க்கப்பட்டவை.

அடுத்து நடந்ததைக் கவனமாகச் சொல்லவேண்டும். 1920களிலிருந்து 1940கள் வரை பம்பாய்ப் பஞ்சாலைகளில் பெண்களின் பங்கு சரிந்தது. இதை ராதா குமார் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வங்காளச் சணல் ஆலைகளைப் பற்றிச் சமிதா சென் எழுதிய நூலும் உடன்வைத்து வாசிக்கத்தக்கது. மகப்பேற்றுச் சட்டம் மட்டுமே இச்சரிவுக்குக் காரணம் என்று சொல்வது எளிமைப்படுத்தல். ஆலைகளின் சீரமைப்பு, இரவு வேலைத் தடை, ஆணின் கூலியே குடும்பக் கூலி என்னும் கருத்தின் வளர்ச்சி ஆகியவை எல்லாம் சேர்ந்தே பெண்ணை ஆலையிலிருந்து வெளியேற்றின. எனினும் முதலாளியின் பேரேட்டில் பெண்ணுக்கு எதிரே ஒரு தனிச் செலவுப் பத்தி தோன்றிவிட்டது. அது இல்லாததுபோல் எழுதுவதும் நேர்மையாகாது.

சட்டங்களே இதற்குச் சாட்சி. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, மகப்பேறு காரணமாக விடுப்பிலிருக்கும் பெண்ணை வேலைநீக்கம் செய்வதைத் தடுத்தது. கருவுற்ற காலத்தில் நீக்கினாலும் உதவித்தொகை உரிமை போகாது என்றது. வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் சட்டம் இவ்வளவு நுணுக்கமாகத் தடுக்கவேண்டியதில்லை. தடைப்பிரிவுகளைப் பின்னோக்கி வாசித்தால் அக்காலத்தின் நடைமுறை தெரியும். கல்வெட்டில் ‘இதை அழிப்பவன்’ என்று தொடங்கும் சாபத்தைப் பார்த்து, அழித்தவர்கள் இருந்தனர் என்று அறிவதைப் போன்றதே இது.

விடுதலையை ஒட்டிய சில ஆண்டுகளில் கதை வேறு திசையில் திரும்பியிருக்கலாம். சிறிதளவு திரும்பவும் செய்தது. 1944இல் பி. பி. அதார்க்கர் தொழிலாளர் நலக் காப்பீடு பற்றிய அறிக்கையை அளித்தார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்கள் அதை ஆய்ந்து, மகப்பேற்றையும் ஒரே காப்பீட்டுக்குள் இணைக்குமாறு கூறினர். அதன் பயனே 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் அது நடைமுறைக்கு வந்தது.

இ.எஸ்.ஐ.யின் அழகு அதன் எளிய கணக்கில் இருக்கிறது. இன்று முதலாளி ஊதியத்தில் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகின்றனர். தொழிலாளி ஆணா பெண்ணா, இருபத்தைந்து வயதா ஐம்பத்தைந்து வயதா என்று அந்த விழுக்காடு கேட்பதில்லை. பத்துப் பெண்கள் ஒரே ஆண்டில் மகப்பேற்று விடுப்பில் சென்றாலும் அந்த ஆலையின் கட்டணம் ஒரு காசு கூடாது. 26 வார உதவித்தொகை பொதுக் கிடங்கிலிருந்து வருகிறது. வாஷிங்டன் சொன்னதும், அம்பேத்கர் முதல் படியாக வைத்ததும் ஏறத்தாழ இதுவே.

ஆனால் இ.எஸ்.ஐ.க்கு ஊதிய உச்சவரம்பு உண்டு. 2017 முதல் அது மாதம் 21,000 ரூபாய். அதற்கு மேல் ஊதியம் பெறும் பெண்ணுக்கும், இ.எஸ்.ஐ. எட்டாத நிறுவனத்துப் பெண்ணுக்கும் 2025 நவம்பர் வரை 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டமே பொருந்தியது. அதில் முழுச் செலவும் முதலாளியுடையது. ஆக, ஒரே நாட்டில் இரண்டு முறைகள். படித்து, சற்று உயர்ந்த ஊதியம் பெறத் தொடங்கும்பொழுதுதான் பெண் ‘செலவாக’ மாறுகிறாள். 1952இல் சர்வதேச அமைப்பு தன் மகப்பேற்று உடன்படிக்கையைத் திருத்தியபோது, எந்நிலையிலும் தனி முதலாளி இச்செலவுக்குப் பொறுப்பாகக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியது. ஒன்பதாண்டு கழித்து நாம் நேரெதிராக எழுதினோம். மகப்பேறு பற்றிய சர்வதேச உடன்படிக்கைகளுள் எதையும் இந்தியா ஏற்கவில்லை.

மொழியியல் மாணவனாக என்னை ஈர்த்த வழக்கொன்று இச்சட்டத்தின் கீழ் உண்டு. கோயம்புத்தூர்த் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி, ‘பி. ஷா’ வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தோட்டத் தொழிலாளியான ஒரு பெண் 1967இன் இறுதியில் மகப்பேற்று விடுப்பில் சென்றார். சட்டம் 12 வாரம் என்றது. தோட்ட நிருவாகம் 72 நாளுக்குக் கூலி கணக்கிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூலி இல்லாத நாள். ஆகவே வாரத்துக்கு ஆறு நாள்தான் என்பது அதன் கணக்கு. அப்பெண் 84 நாளுக்குக் கேட்டார். வேறுபாடு பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். ‘வாரம்’ என்னும் சொல்லின் பொருள் என்ன? உச்ச நீதிமன்றம் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் புரட்டியது. வாரம் என்பது ஏழு நாள் சுழற்சி என்றது. உழைக்கும் தாய் இழந்த வலிமையை மீட்கவும் குழந்தையைப் பேணவும் வேண்டுமென்னும் சட்டத்தின் நோக்கத்தைச் சுட்டி அப்பெண்ணுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் நாள் 1977 அக்டோபர். குழந்தை பள்ளி செல்லும் வயதை எட்டியிருக்கும்.

பன்னிரண்டு நாள் கூலி ஒரு தோட்ட நிருவாகத்துக்குப் பெருந்தொகை அன்று. என்றாலும் மேல்முறையீடு மேல்முறையீடாக நடந்தது. செலவு தனி முதலாளியின் தலையில் இருக்கும்வரை, ஒவ்வொரு குழந்தையின் பிறப்பும் ஒரு வழக்காக மாறும் வாய்ப்பு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பின்வந்த பெருவழக்குகளை விரைந்து கடக்கிறேன். 1981இல் நர்கேஷ் மீர்சா வழக்கில், முதல் கருவுற்றவுடன் விமானப் பணிப்பெண்ணின் வேலை முடிந்துவிடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. பணியில் சேர்ந்த நான்காண்டுக்குள் திருமணம் கூடாது என்ற விதியை விட்டுவைத்தது. 2000 மார்ச் 8 அன்று, தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேற்று உரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. சாலை போடும் பெண்ணுக்கு இவ்வுரிமை கிடைக்க, 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து ஏறத்தாழ நாற்பதாண்டு ஆயின.

இனிச் சொல்லைப் பற்றிச் சிறிது. ஆங்கிலச் சட்டத்தின் பெயரிலுள்ள ‘மெட்டர்னிட்டி’ தாய்மையைக் குறிப்பது. சொல்லின் வேரிலேயே தாய் இருக்கிறாள். அச்சட்டத்தின் இந்திப் பெயரில் இருப்பது ‘பிரசூதி’. அது ஈனுதல் என்னும் உடல் நிகழ்வைக் குறிப்பது. தமிழில் நாம் வழங்கும் ‘மகப்பேறு’ இரண்டினின்றும் வேறு. ‘மக’ குழந்தை, ‘பேறு’ பெறுதல். குழந்தையைப் பெறுதல் என்பதே அதன் பொருள். பெறுபவர் யார் என்று சொல் வரையறுக்கவில்லை. அதே ‘பெறு’ என்னும் வினையடியிலிருந்து வந்த ‘பெற்றோர்’ என்னும் சொல்லில் இருவரும் அடங்குவர். குறளின் ஏழாம் அதிகாரம் ‘மக்கட்பேறு’. அதில் தந்தையும் வருகிறான், தாயும் வருகிறாள். (பரிமேலழகர் அதைப் ‘புதல்வரைப் பெறுதல்’ என்று குறுக்கியது வேறு கதை.) சொற்பிறப்பைக் கொண்டு ஒரு சமூகத்தின் நடத்தையை நிறுவமுடியாது, அப்படி நிறுவுவோரிடம் நான் சண்டையிடுபவன். தமிழ்ச் சமூகம் தந்தையைத் தொட்டிலருகே அமர்த்தியது என்று சொல்ல வரவில்லை. ‘மகப்பேற்று விடுப்பு’ என்பதைத் தந்தைக்கும் தாய்க்கும் பொதுவாக வழங்கினால் தமிழ் தடுக்காது என்பதே நான் சொல்வது. தடுப்பது படிவத்தின் அடைப்புக்குறி.

2017ஆம் ஆண்டுத் திருத்தம் 12 வாரத்தை 26 வாரமாக்கியது. இரண்டு குழந்தைகள் உள்ள பெண்ணுக்கு அடுத்த பேற்றில் 12 வாரமே. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமாயிற்று. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கும், வாடகைத் தாய் வழிக் குழந்தை பெறும் தாய்க்கும் 12 வார விடுப்பு கிடைத்தது.

இந்த இறுதிப் பிரிவில் ஒரு புரட்சி ஒளிந்திருப்பதாக நான் கருதுகிறேன். 1961இன் பன்னிரண்டு வாரம் பெரும்பாலும் உடலுக்குரியது. புண் ஆற, குருதி ஈடாக, பால் சுரக்க. தத்தெடுக்கும் தாய்க்கு ஆறவேண்டிய புண் இல்லை. அவளுக்கு விடுப்புத் தந்ததன்மூலம், குழந்தையைப் பேணுவதற்கும் விடுப்பு தேவை, அதற்கு ஈன்றிருக்கவேண்டியதில்லை என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொண்டபின், அவ்விடுப்பு பெண்ணுக்கு மட்டுமே உரியது என்பதற்கு உடல்சார்ந்த காரணம் எஞ்சவில்லை. எஞ்சியிருப்பது வழக்கம் மட்டுமே. ஈனுதலும் பேணுதலும் வெவ்வேறு என்பதை 2022இல் தீபிகா சிங் வழக்கிலும் காணலாம். கணவரின் முந்தைய மணத்துக் குழந்தைகளுக்காகக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுத்திருந்த செவிலியர் ஒருவருக்கு, அவர் தாமே முதன்முறை ஈன்றபோது மகப்பேற்று விடுப்பு மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் இரண்டையும் பிரித்துக் காட்டி அவருக்கு விடுப்பளித்தது.

தந்தையருக்கும் விடுப்பு வேண்டும் என்ற குரல் 2016இலேயே எழுந்தது. அப்போதைய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சர் மேனகா காந்தி, இந்தியாவில் அது ஆண்களுக்கு இன்னொரு விடுமுறையாகவே முடியும் என்னும் கருத்தைத் தெரிவித்தார். பலர் சினந்தனர். எனக்குச் சினம் வரவில்லை. அவர் கண்டதைச் சொன்னார். ஆனால் கண்டதையே காரணமாக்கினார். தந்தை வளர்ப்பில் பங்கெடுப்பதில்லை, ஆகவே விடுப்பு இல்லை; விடுப்பு இல்லை, ஆகவே பங்கெடுப்பதில்லை. இவ்வட்டத்தை யாரேனும் ஓரிடத்தில் வெட்டவேண்டும்.

செலவுக் கணக்கை அரசும் அறியாததன்று. 2018இல் தொழிலாளர் அமைச்சகம், கூடுதலான 14 வாரத்தில் ஏழு வாரத்து ஊதியத்தை முதலாளிக்குத் திருப்பித்தரும் திட்டமொன்றை ஆலோசிப்பதாக அறிவித்தது. குறிப்பிட்ட ஊதிய வரம்புக்குட்பட்ட பெண்களுக்கு மட்டும். அது கைகூடவில்லை. அதே ஆண்டு டீம்லீஸ் என்னும் ஆட்சேர்ப்பு நிறுவனம், இத்திருத்தத்தால் பத்துத் துறைகளில் 11 முதல் 18 லட்சம் பெண்கள் வேலை இழக்கக்கூடும் என மதிப்பிட்டது. அது முதலாளிகளின் மனப்போக்கைக் கேட்டுச் செய்த கணிப்பு. இழந்த வேலைகளை எண்ணிய கணக்கன்று. எனினும் மனப்போக்கும் ஒரு தரவுதானே. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தை உட்கொண்டது. மகப்பேறு பற்றிய அதன் ஆறாம் அத்தியாயத்தில் இவ்விரு பழைய முடிவுகளும் அப்படியே இருக்கின்றன.

அரசுப் பணியில் நிலை சற்று வேறு. மத்திய அரசு ஐந்தாம் ஊதியக் குழுவின் காலத்தில், 1997இல், ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு தந்தது. 2008 முதல் பெண் ஊழியருக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு; 2018இல் அது மனைவியற்ற தனித் தந்தையர்க்கும் விரிந்தது. அதாவது, வீட்டில் பெண் இல்லாதபொழுது மட்டும் ஆண் பெற்றோராகிறான். தமிழ்நாட்டரசு 2021 முதல் தன் பெண் ஊழியருக்கு ஓராண்டு மகப்பேற்று விடுப்பு தருகிறது. அரசில் இது பெண்ணின் வேலைவாய்ப்பைப் பாதிப்பதில்லை; தேர்வெழுதி மதிப்பெண் பெற்று வருபவரை, பிள்ளை பெறுவாரோ என்று ஐயுற்று ஒதுக்கமுடியாது. நேர்காணலில் ஒருவர் முகம் பார்த்து வேலை தரும் இடத்தில் நிலை வேறு. இதே நாட்டில் முறைசாரா வேலையிலுள்ள பெரும்பான்மைப் பெண்களுக்கு மகப்பேறு என்பது, 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிடும் 6,000 ரூபாய்தான். அதை நிறைவேற்ற வந்த மத்தியத் திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 என்றது. பொது நிதியிலிருந்து தரமுடியும் என்பதற்கு இது சான்று. எவ்வளவு தர மனம் வருகிறது என்பதற்கும் சான்று.

2023இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஒரு காவல் ஆய்வாளரின் வழக்கு வந்தது. மனைவியின் பேற்றுக்காக அவருக்கு அளிக்கப்பட்ட விடுப்பு பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. தந்தையின் உடனிருப்பைக் குழந்தையின் வாழ்வுரிமையோடு இணைத்து, தந்தைமை விடுப்புக்குத் தனிச் சட்டம் தேவை என்று நீதிமன்றம் கூறியது. அத்தகைய மசோதாவை 2017இலேயே ராஜீவ் சாதவ் மக்களவையில் தனி உறுப்பினராகக் கொண்டுவந்திருந்தார். அது சட்டமாகவில்லை.

சமமான விடுப்பு சமத்துவத்தைத் தானே கொணருமா? இங்குதான் நான் பல நாள் தயங்கினேன். சுவீடன் 1974இலேயே தாய்க்கான காப்பீட்டை நீக்கிவிட்டு இருவருக்கும் பொதுவான பெற்றோர் காப்பீட்டைக் கொண்டுவந்தது. இருபதாண்டு காலம் தந்தையர் அதில் மிகச் சிறு பங்கையே எடுத்தனர். எஞ்சிய நாட்களைத் தாய்க்கே மாற்றிக்கொடுத்தனர். 1995இல் ஒரு மாதத்தை மாற்றிக்கொடுக்க முடியாததாக ஒதுக்கினர். பின்னர் 2002இல் இரண்டாம் மாதம், 2016இல் மூன்றாம் மாதம். தந்தை எடுக்காவிடில் அந்நாட்கள் வீண். ஸ்பெயின் 2021இல் தாய்க்கும் தந்தைக்கும் தலா 16 வாரம் எனச் சமமாக்கியது. அங்கும் ஒருவருடைய வாரங்களை மற்றவருக்கு மாற்றமுடியாது. தேவைப்படுவது விருப்பத்துக்கு விட்ட சமம் அன்று, மாற்றமுடியாத பங்கு.

நம் துறையினர் அவசியம் வாசிக்கவேண்டிய கட்டுரை ஒன்று 2018இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வந்தது. அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளில், குழந்தை பிறந்தால் நிரந்தரப் பணிக்கான தகுதிக்காலத்தை ஓராண்டு நீட்டும் சலுகை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் தரப்பட்டது. விளைவு: அத்துறைகளில் நிரந்தரம் பெற்ற ஆண்களின் விகிதம் உயர்ந்தது, பெண்களின் விகிதம் வீழ்ந்தது. ஆண்கள் அந்த ஓராண்டில் மேலும் கட்டுரைகளை உயர்ந்த இதழ்களில் வெளியிட்டுக்கொண்டனர். இதைக் காட்டித் தந்தைமை விடுப்பை எதிர்ப்போர் உண்டு. நான் வேறு விதமாக வாசிக்கிறேன். அச்சலுகை காலத்தை நீட்டியதே தவிர, வேலையிலிருந்து ஆணை விலக்கவில்லை. எதையும் அவன் கையில் ஒப்படைக்கவில்லை. கடிகாரத்தை நிறுத்துவதும் தொட்டிலை ஆட்டுவதும் ஒன்றல்ல. தாய் மீண்டும் பணிக்குத் திரும்பும் வாரங்களில் தந்தை தனியே குழந்தையோடு இருக்கும்படி விடுப்பு அமைந்தால்தான் பேணுதல் கைமாறும். அதன் ஊதியம் இ.எஸ்.ஐ. போன்ற பொதுக் கிடங்கிலிருந்து வந்தால்தான் நேர்காணல் அறையில் பெண்ணுக்கெதிரான கணக்கு அழியும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1929 முதல் நம்மிடம் போதிய சான்று இருக்கிறது.

நம் படிவத்துக்கே திரும்புகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறையும் 2022ஆம் ஆண்டு விதிமுறையும், முனைவர் பட்ட ஆய்வுக்காலம் முழுவதற்குமாகப் பெண் ஆய்வாளர்க்கு 240 நாள் வரை ‘மகப்பேற்று விடுப்பு / குழந்தைப் பராமரிப்பு விடுப்பு’ வழங்கப்படலாம் என்கின்றன. ‘வழங்கப்படும்’ அன்று, ‘வழங்கப்படலாம்’. நடுவிலுள்ள அந்தச் சாய்கோட்டையும் பாருங்கள். ஈனுதலையும் பேணுதலையும் ஒன்றாக்கி இரண்டையும் பெண்ணின் கணக்கில் எழுதிவைக்க ஒரு கோடு போதுமானதாயிருக்கிறது. விடுப்பெடுக்கும் பெண்ணின் ஆய்வு பிந்துகிறது. அடுத்த சேர்க்கை நேர்காணலில் வேறொரு பெண்ணிடம், திருமணம் எப்போது என்று யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்கிறார். அதே அறையில் அதே நாளில் ஆண்களிடம் அக்கேள்வி கேட்கப்படுவதில்லை. நான் அவ்வறைக்குள் சென்றிருக்கிறேன், என்னிடம் கேட்கவில்லை.

நண்பருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எழுத்தரே வழி சொன்னார். மருத்துவ விடுப்புக்குப் படிவம் இருந்தது. தெரிந்த மருத்துவரிடம் முதுகுவலிக்குச் சான்றிதழ் வாங்கி இணைத்தார். பத்து நாள் கிடைத்தது. பதிவேட்டில் அவருடைய மகள் பிறந்த வாரத்துக்கு எதிரே ‘நோய்’ என்று இருக்கிறது.